பதினேழு வயதுக் காதலுக்குப் பத்து வருசமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம்ம ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு செய்தி வந்தது. பதினேழு வயதுச் சிறுமியைக் கடத்திய வாலிபர் போக்சோவில் கைது. அவ்வளவுதான் செய்தி. கீழே "சுட்டுத் தள்ளணும்", "அறுத்து விடணும்" என்று வரிசையாகப் பதில்கள். அவர்களில் மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

இப்படி வரும் செய்திகளில் சில உண்மையிலேயே கடத்தல், உண்மையிலேயே கொடுமை. சில, ஒருவரை ஒருவர் விரும்பிய இரண்டு பிள்ளைகள் சேர்ந்து பஸ் ஏறிப் போனது. பத்திரிகைச் செய்தியில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சட்டத்திலும் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதுதான் என் சண்டை.

போக்சோ சட்டம் 2012இல் வந்தது. வேண்டிய சட்டம், தாமதமாக வந்த சட்டம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதுவரை 16 ஆக இருந்த சம்மத வயதை அது 18 ஆக்கியது. பதினெட்டுக்கு ஒருநாள் குறைந்தாலும் அந்தப் பெண்ணின் சம்மதம் கணக்கில் வராது. எதிரில் இருப்பவன் ஐம்பது வயது ஆளா, அடுத்த பெஞ்சில் உட்கார்ந்த பையனா என்ற கேள்வியும் கிடையாது.

இந்தக் குறையை உரக்கச் சொன்ன வழக்கு ஒன்று நம்ம நாமக்கல் மாவட்டத்திலிருந்தே போனது. பேளுக்குறிச்சி என்றால் நமக்கு மிளகும் சீரகமும் வாங்கப் போகும் சந்தைதான் ஞாபகம் வரும். அந்தப் பேளுக்குறிச்சி காவல் நிலையத்தில் பதிவான வழக்கு. பெண்ணுக்கு வயது 17. கீழ் நீதிமன்றம் இளைஞருக்கு 10 ஆண்டு தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் 2019 ஏப்ரல் 26 அன்று அவரை விடுவித்தார். அதோடு நிற்கவில்லை. பதினாறு வயதுக்கு மேல் சம்மதத்தோடு நடந்ததைப் போக்சோவின் கடுமையான பிரிவுகளிலிருந்து விலக்கலாம், ஆனால் இருவருக்கும் வயது வித்தியாசம் ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று யோசனையும் சொன்னார்.

அதற்கு நாடாளுமன்றம் என்ன செய்தது தெரியுமா? நாலே மாதத்தில், 2019 ஆகஸ்டில், தண்டனையைக் கூட்டியது. 4ஆம் பிரிவில் குறைந்தபட்சம் 7 ஆண்டாக இருந்தது 10 ஆனது. 6ஆம் பிரிவில் 10 ஆண்டாக இருந்தது 20 ஆனது, மரண தண்டனையும் சேர்ந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை உறவு நடந்திருந்தாலோ, பெண் கர்ப்பமாகியிருந்தாலோ அது 6ஆம் பிரிவுக்குப் போய்விடும். ஆக, ஒரு வருசம் காதலித்துக் கர்ப்பமான பதினேழரை வயதுப் பெண்ணின் காதலனுக்குக் குறைந்தபட்சம் 20 ஆண்டு. குறைக்க நீதிபதிக்கு வழியே இல்லை. ஒன்று 20 ஆண்டு, இல்லையென்றால் விடுதலை.

பையனுக்கும் 18 ஆகவில்லை என்றால்? சிறார் நீதிக் குழுமத்துக்குப் போவான், மூன்று வருசத்தில் வந்துவிடுவான் என்று நினைக்கிறோம். 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு எழுந்த கோபத்தில் 2015இல் சிறார் நீதிச் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். குறைந்தபட்சம் 7 ஆண்டு தண்டனை உள்ள குற்றம் கொடுங்குற்றம். அந்த வழக்கில் சிக்கிய 16 முதல் 18 வயதுப் பையனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கலாம். டெல்லிப் பேருந்தை மனதில் வைத்து எழுதிய பிரிவு, பிளஸ் டூ பையனின் காதலுக்கும் அப்படியே பொருந்தி நிற்கிறது.

சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 17 வயதுப் பெண், சம்மதம் சொல்லும் அளவுக்குப் புத்தி வராத குழந்தை. அதே வகுப்பில் படிக்கும் 17 வயதுப் பையன், பெரியவனைப் போல விசாரிக்கத் தகுந்தவன். முப்பத்து நாலு வருசம் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை.

என்னிடம் படித்த ஒரு பையன். ஊர், பள்ளி எதுவும் சொல்ல மாட்டேன். பிளஸ் டூவில் கூடப் படித்த பெண்ணோடு திருப்பூர் வரை போனான். மூன்றாம் நாள் பிடித்து வந்தார்கள். அவன் கூர்நோக்கு இல்லத்துக்கு, அவள் காப்பகத்துக்கு. இரண்டு பேரும் பொதுத்தேர்வு எழுதவில்லை. தறி ஓட்டும் அவன் அம்மா என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏனுங் சார், அந்தப் புள்ளையே நானாத்தான் போனேன்னு சொல்லுதுங்களே, அப்பறம் எதுக்குங் சார் எம்பையன உள்ள வெச்சிருக்காங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. சில வருசம் இழுத்து வழக்கு விடுதலையில் முடிந்தது. அதற்குள் அவன் போர்வெல் வண்டியில் வேலைக்கு ஏறி வடநாட்டுக்குப் போய்விட்டான். விடுதலை ஆனவனுக்குப் பிளஸ் டூவை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

இது ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். அசாம், மகாராஷ்டிரா, மேற்கு வங்கம் மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை வந்த 7,064 போக்சோ தீர்ப்புகளை என்ஃபோல்டு அமைப்பு ஆராய்ந்தது. ஏறக்குறைய நான்கில் ஒன்று காதல் வழக்கு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை விடுதலையில் முடிந்தவை. அத்தனை போலீஸ் நேரம், அத்தனை நீதிமன்ற நாள் எதற்குப் போனது? உண்மையில் சீரழிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கு அதே நீதிமன்றத்தில் வாய்தாவுக்குக் காத்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

இனி நமக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். இந்தச் சட்டம் இப்படியே இருப்பது நம்மில் பலருக்கு வசதியாக இருக்கிறது. பையன் சொந்தச் சாதி என்றால் பதினேழு வயதிலேயே மண்டபம் பார்க்கிறோம். அப்போது போக்சோவும் நினைவுக்கு வராது, குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் வராது. பையன் வேறு சாதி, அதிலும் காலனிப் பையன் என்றால் அன்றைக்கே பெண் குழந்தையாகிவிடுகிறாள். 2015இல் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கோகுல்ராஜ் என்ன ஆனார் என்று இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் இருவரும் வயது வந்தவர்கள். வயது வந்தவர்களுக்கே அந்தக் கதி என்ற ஊரில், பெண்ணுக்கு ஆறு மாதம் குறைந்தால் சட்டமே சாதிக்கு அடியாள் வேலை பார்க்கும்.

"வயதைக் குறைத்தால் பொறுக்கிகளுக்குக் கொண்டாட்டம் ஆகாதா சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023இல் சட்ட ஆணையமும் தன் 283ஆவது அறிக்கையில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. சம்மத வயதைக் குறைத்தால் குழந்தைத் திருமணமும் கடத்தலும் கூடும் என்று அஞ்சியது. அதனால் 16 முதல் 18 வரை உள்ளவர்கள் வழக்கில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு வழிவிடலாம் என்றது. என் பதில் இதுதான். 18ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு 16 நிறைந்து, இருவருக்கும் வயது நெருக்கமாக இருந்து, மிரட்டல், ஏமாற்று, பணம், அதிகாரம் எதுவும் இல்லாத இடத்தில் மட்டும் விலக்குக் கொடுங்கள். கனடாவில் இப்படி வயது நெருக்க விலக்கு உண்டு. ஆசிரியன், மாமன், வார்டன், முதலாளி, தரகன் யாருக்கும் அந்த விலக்கு கிடைக்கக் கூடாது. தண்டனையைக் குறைப்பது மட்டும் போதாது. தண்டனை வருவதற்கு முன்பே கைதிலும் காப்பகத்திலும் படிப்பு போய்விடுகிறது.

உண்மையான பொறுக்கிகள் தப்புவது வயது வரம்பால் அல்ல, நம் வாய் மூடலால். 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்சிசி முகாம் நடத்தி மாணவிகளைச் சீரழித்த வழக்கில், விஷயத்தை மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். தெரிந்தால் புகார் சொல்லியே ஆக வேண்டும் என்று 19ஆம் பிரிவு இருக்கிறது. சொல்ல வேண்டிய இடத்தில் பள்ளியின் பெயர் கெடும் என்று மூடுகிறோம். சாதி வேறு என்றால் மட்டும் ஓடிப்போய்ச் சொல்கிறோம்.

உண்மையிலேயே தப்புச் செய்த சிறுவனையும் அறுத்துப்போடு என்பது பைத்தியக்காரத்தனம். பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்ற சிறார் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் கால்டுவெல் 2016இல் தொகுத்துப் பார்த்தார். திரும்பவும் பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் 100க்கு ஏறக்குறைய 5 பேர். மீதி 95 பேரைத் திருத்தி வீட்டுக்கு அனுப்ப முடியும். அவர்களைப் பெரிய குற்றவாளிகளோடு அடைத்து வளர்த்தால் யாருக்கு லாபம்?

காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு சுற்றறிக்கை அனுப்பினார். நல்ல காரியம். ஆனால் சுற்றறிக்கை சட்டம் ஆகாது, அதிகாரி மாறினால் அலமாரிக்குள் போய்விடும். சட்டத்தைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம். நம்ம சேலம், நாமக்கல் எம்பிக்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது பேளுக்குறிச்சி வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது என்ன ஆனது என்று கேளுங்கள்.

ஆசிரியத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் வகுப்பிலேயே இந்தச் சட்டத்தைப் பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள். நாங்கள் இனப்பெருக்கப் பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டி வந்த தலைமுறை. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. நாங்கள் தாண்டிய பக்கத்தை அந்தப் பிள்ளைகள் காவல் நிலையத்தில் போய்ப் படிக்கிறார்கள்.

இனித் திட்டுகிறவர்கள் திட்டலாம். பின்னூட்டத்தில் எந்தப் பிள்ளையின் பெயரையும், ஊரையும், படத்தையும் மட்டும் போடாதீர்கள். போட்டால் நீக்கிவிடுவேன்.