கருவியைத் திறந்தறியும் கல்வி

விழா மலர்களிற் பழைய பெருமைகளை எடுத்தோதுதல் மரபு. அம்மரபு நன்றே. எனினும், விழாக் காலமென்பது சென்றதை எண்ணி மகிழ்தற்கு மாத்திரமன்றி, இனிச் செய்யவேண்டுவதை ஆராய்தற்கும் உரிய காலமாகும். ஆகலின், சிறிதெனத் தோன்றும் ஒரு பொருளைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம். மடிக்கணினியைத் திறந்து அதன் உட்பாகங்களை மாற்றுதல் என்பதே அப்பொருள். கல்லூரி மலரில் இதற்கும் இடமுண்டோ என வினவுவார் இருத்தல் கூடும். உண்டென்பதே எம் துணிபு.

நம் மாணாக்கர் வீடுகளில் இன்று மடிக்கணினிகள் பல உள. 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, பிள்ளைகளின் படிப்பின் பொருட்டு அரிதிற் பொருள் தேடி வாங்கப்பட்டவை சில. கடல் கடந்து வாழும் உறவினர் அனுப்பியவை சில. ஆண்டுகள் சில கழிந்ததும், 'மெதுவாகிவிட்டது', 'பற்றரி நிற்பதில்லை' என்று சொல்லப்பட்டு அவை அலுமாரியின்மேல் ஏற்றப்படுகின்றன. அமெரிக்க டொலரொன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் உயர்ந்த 2022 ஆம் ஆண்டினை நாம் மறந்திலோம். அதன் பின்னர்ப் புதியதொரு மடிக்கணினி வாங்குதல் மாதச் சம்பளம் பெறும் குடும்பத்துக்கும் பெருஞ் சுமையாயிற்று. இந்நிலையில், அலுமாரியின்மேற் கிடப்பது மெய்யாகவே இறந்துவிட்டதோ என ஆராயாது விடுதல் அறிவுடைமையாகாது.

அவற்றுட் பல இறந்தவை அல்ல. பழைய மடிக்கணினியின் மந்தத்துக்குப் பெருங் காரணமாவது அதன் வன்தட்டு. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டின்மேல் ஒரு நுண்ணிய கை அங்குமிங்கும் அசைந்து தரவுகளைத் தேடுகின்றது. தேடுதலிற் கழியும் நேரமே நாம் காத்திருக்கும் நேரம். அதனை அகற்றி, அசையும் உறுப்பு எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தைப் பொருத்தின், அதே கணினி வேறொரு கணினிபோல் இயங்கக் காணலாம். 4 ஜிகாபைற் நினைவகம் உள்ள இடத்தில் 8 ஜிகாபைற் இட்டால் மேலும் நலம். பற்றரியோ நாளடைவில் தேய்தற்கென்றே அமைந்த பொருள். அது தளர்ந்ததென்று கணினியைக் கழித்தல், ரயர் தேய்ந்ததென்று சைக்கிளைக் கிணற்றில் எறிதலை ஒக்கும்.

இவ்வேலை எத்தகையது என்பதையுஞ் சிறிது சொல்லுவாம். லெனோவோ நிறுவனத்தார் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட திங்பாட் டி480 என்பதை எடுத்துக்கொள்வோம். அதன் பராமரிப்பு நூலை அந்நிறுவனத்தாரே யாவரும் படிக்குமாறு இணையத்தில் வைத்துள்ளனர். முதலிற் சேமிப்பகத்திலுள்ளவற்றைப் பிறிதோரிடத்திற் படியெடுத்தல் வேண்டும். பின்னர், உள்ளிருக்கும் பற்றரியைத் தொடக்க அமைப்புப் பக்கத்திற் செயலிழக்கச் செய்து, மின்னிணைப்பைக் கழற்றி, வெளிப் பற்றரியையும் நீக்கல் வேண்டும். அடிமூடியின் திருகாணிகளைத் தளர்த்தி, மெல்லிய பிளாத்திக்குத் தகட்டால் ஓரத்தை நெம்பினால் மூடி கழன்றுவரும். உடனே உட்பற்றரியின் இணைப்பைக் கழற்றுதல் முறை. உலோகப் பொருளொன்றைத் தொட்டு உடலிற் சேர்ந்த நிலைமின்னைப் போக்கிய பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். நினைவகத்தின் இரு மருங்கிலுமுள்ள பிடிகளை விலக்கின் அது தானே சாய்வாக எழும். புதியதனை அவ்வாறே சாய்வாகச் செருகி அழுத்தினால் அமர்ந்துகொள்ளும். பக்கவாட்டுப் பள்ளம் ஒன்று பிழையாகச் செருகாதபடி காக்கின்றது. கழற்றிய திருகாணிகளை, ஒரு தாளில் மூடியின் உருவை வரைந்து, அவ்வவ் விடத்திலேயே குத்திவைத்தல் நல்ல பழக்கம். நீளமான திருகாணியைக் குறுகியதன் துளையிற் செலுத்தினால், அடியிலிருக்கும் பலகை பழுதாகிவிடும்.

இவற்றுட் பதினைந்து வயது மாணாக்கன் ஒருவனுக்கு விளங்காதது யாது? வேண்டப்படுவது பொறுமையும் ஒழுங்கும் உற்றுநோக்கலுமே. ஆய்வுகூடத்தில் நாம் கற்பிக்க முயல்வனவும் இவையே அல்லவா?

ஆயின், கருவிகளைச் செய்வோர் அனைவரும் இதனை விரும்புகின்றாரில்லை. 2008 ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்புக் எயாரில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றாசிடப்பட்டிருந்தது. 2012 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தார் வெளியிட்ட றெற்றினா மக்புக் புறோவிற் பற்றரியும் பசையால் ஒட்டப்பட்டது. மூடியை ஐந்து இதழ் வடிவான, சாதாரணத் திருப்புளிக்கு அடங்காத திருகாணிகள் காத்தன. மெலிவும் அழகும் நோக்கிப் பிறரும் இவ்வழி சென்றனர். மறுபுறத்தில், பிரான்சு தேசத்தார் 2021 ஆம் ஆண்டு தொடக்கம், மடிக்கணினி முதலியவற்றைத் திருத்துதல் எத்துணை எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை புள்ளியெனக் குறித்து விற்றல் வேண்டுமென விதித்தனர். திருத்தும் உரிமையைக் குறித்து ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றிற்று. பாகங்கள் யாவற்றையும் உடையவரே மாற்றுமாறு அமைந்த மடிக்கணினியை பிரேம்வேர்க் என்னும் நிறுவனம் 2021 இல் விற்கத் தொடங்கிற்று. எனவே, திறக்கவியலாமை விஞ்ஞானத்தின் கட்டாயமன்று. அது செய்வோரின் தெரிவு. வாங்குவோருக்கும் தெரிவு உண்டென்பதை நாம் உணர்தல் வேண்டும்.

உலகில் 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 6 கோடியே 20 இலட்சந் தொன் இலத்திரனியற் கழிவு உண்டாயிற்று என்றும், அதில் நூற்றுக்கு 22.3 பங்கே முறைப்படி சேர்த்து மீள்பயன்படுத்தப்பட்டதாகப் பதிவாயிற்று என்றும் ஐக்கிய நாடுகள் சார்பில் 2024 இல் வெளியான அறிக்கை கூறுகின்றது. நம் அலுமாரிமேற் கிடப்பனவும் நாளை அக்குவியலைச் சேர்வனவே.

இனி, மறுப்போர் கூறுவனவற்றையும் நோக்குவாம். உத்தரவாதக் காலம் முடியாத கருவியைத் திறத்தல் தகாது என்பர். உண்மையே, அதனைத் திறக்க வேண்டா. லிதியம் பற்றரி அபாயமானது என்பர், அதுவும் உண்மை. வீங்கிய பற்றரியைக் குத்துதலோ வளைத்தலோ கூடாது. அது தேர்ந்தவர் கைக்கே உரியது. எல்லாவற்றையும் மாற்ற இயலாது என்பர், இதனையும் ஒப்புகின்றோம். இன்றைய மடிக்கணினிகளிற் பெரும்பாலனவற்றிற் செயலியை மாற்றல் இயலாது. விண்டோஸ் 10 க்குரிய பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தமையாற் பின்தங்கிய கணினிகளை, நினைவகம் மாற்றுவதால் மாத்திரம் முன்கொணர்தல் இயலாது. அவற்றுக்கு லினக்ஸ் போன்ற வேறோர் இயங்குதளம் வேண்டும். இவை யாவும் எல்லைகளை அறிந்து தொழில் செய்க என்பதற்குக் காரணமாகுமேயன்றித் தொழிலே வேண்டா என்பதற்குக் காரணமாகா.

வாயாற் கூறப்படாத மறுப்பு ஒன்றுண்டு, அதுவே வலியது. திருப்புளி பிடித்தல் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏற்றதன்று என்பது அது. எண்ணும் எழுத்தும் கற்று உத்தியோகம் பெறுதலே கல்வி, கைத்தொழில் வேறொரு கூட்டத்தாருக்குரியது என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் நெடுங்காலம் வேரூன்றி நின்றது. அதன் பின்னே சாதிச் செருக்கு மறைந்து நின்றதென்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கணினி விஞ்ஞானம் பயிலப் பிள்ளையை அனுப்பும் தந்தையார், அக்கணினியைத் திருத்தும் கடைக்காரரை நிற்கவைத்துப் பேசுகின்றார்! இவ்வெண்ணம் எத்துணை பொய்யானது என்பதைக் குடாநாட்டார் நன்கறிவர். 1990 களிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், சிறிதளவு பெற்றோல் விட்டுத் தொடக்கிய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர் யாவர்? பற்றரியின்றிச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்க வழிசெய்தவர் யாவர்? பட்டம் பெற்றோர் பலர் செய்வதறியாது நின்ற நாட்களில், கருவியின் உள்ளறிந்த கைகளே ஊரைத் தாங்கின. அக்கைகளுக்கு நாம் செலுத்தவேண்டிய நன்றி இன்னும் செலுத்தப்படவில்லை.

ஆதலின், பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் எம் வேண்டுகோள் இது. கல்லூரியில் ஒரு நீண்ட மேசையும், பூட்டற்ற அலுமாரியொன்றில் நல்ல திருப்புளிகளும், கெட்டுப்போன மடிக்கணினிகள் சிலவும் வைக்கப்படுக. கெட்டவற்றைக் கழற்றிப் பூட்டிப் பழகிய பின்னரே மாணாக்கர் நல்லவற்றைத் தொடுக. நகரிலே திருத்துந் தொழில் செய்வோரை அழைத்து, வேதனங் கொடுத்து, ஆசிரியர்க்குரிய மதிப்போடு இருத்திக் கற்பிக்கச் செய்க. திருத்தப்பட்டவை, கணினியில்லாத மாணாக்கர் வீடுகளுக்குச் செல்லுக.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் அன்பர்கள் கல்லூரிக்குக் கணினி அனுப்ப முன்வரும்போது மூன்று வினாக்களை விடுத்தல் நன்று. இதன் நினைவகம் கழற்றக் கூடியதா? சேமிப்பகம் மாற்றக் கூடியதா? பற்றரி பசையால் ஒட்டப்பட்டதா, திருகாணியாற் பூட்டப்பட்டதா? பளபளப்பான ஆயினும் திறக்கவியலாத பத்துக் கணினிகளிலும், பழையனவாயினும் திறக்கக் கூடிய பத்துக் கணினிகள் இக்கல்லூரிக்குச் சிறந்த கொடையாகும் என்பது எம் கருத்து. முன்னவை சில ஆண்டு உழைத்து ஓயும். பின்னவை தாம் உழைப்பதோடு, தம்மைத் திறந்து நோக்கும் பிள்ளைகளுக்கு ஆசானாயும் அமையும்.

கல்வியென்பது மூடியிருப்பதன் உள்ளே யாதுளதென அறிய அஞ்சாமையாகும். அவ்வஞ்சாமையை ஏட்டின் வாயிலாக மாத்திரமன்றிக் கையின் வாயிலாகவும் நம் மாணாக்கர் பெறுவாராக.