மெயிலில் தெரியும் ‘ஃப்ரம்’ முகவரியை நம்பலாமா?

வேலை ஆஃபர் லெட்டர் மெயிலில் வருகிறது. ‘ஃப்ரம்’ இடத்தில் நிறுவனத்தின் முகவரி எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கிறது. உண்மையானது என்று நம்ப இது போதுமா? போதாது. காரணம், மெயில் பயணிக்கும் விதத்திலேயே இருக்கிறது.

எப்படிப் போகிறது?

‘சென்ட்’ தட்டியதும் மெயில் நேராகப் பெறுபவரின் போனுக்குப் போவதில்லை. முதலில் உங்கள் மெயில் சேவையின் சர்வருக்குப் போகும். அது, முகவரியில் ‘@’ குறிக்குப் பின்னால் உள்ள டொமைனுக்கு மெயில் வாங்கும் சர்வர் எது என்று டி.என்.எஸ்ஸிடம் விசாரிக்கும். ‘எம்.எக்ஸ்’ பதிவு அதைச் சொல்லும். பிறகு 25-ம் எண் போர்ட் வழியாக அந்த சர்வரைத் தொடர்புகொண்டு, அனுப்புபவர் இவர், பெறுபவர் இவர், மெயில் இது என்று வரிசையாகச் சொல்லி ஒப்படைக்கும். அந்த சர்வர் கிடைக்கவில்லையா? காத்திருந்து மறுபடி மறுபடி முயலும்.

ஓட்டை எங்கே?

இந்த உரையாடலின் விதிமுறைக்குப் பெயர் எஸ்.எம்.டி.பி. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டது. அன்று நெட்வொர்க்கில் இருந்தவை சில நூறு கணினிகள்தான். அதனால் அனுப்புபவர் சொல்லும் பெயரைச் சோதிக்க அதில் ஏற்பாடே இல்லை. தபால் கவரில் அனுப்புநர் முகவரியை யார் பெயரில் வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அதே கதை.

பூட்டு உண்டா?

உண்டு, பிற்பாடு சேர்த்தது. எந்தெந்த சர்வர்கள் தன் பெயரில் அனுப்பலாம் என்று டொமைன் வெளியிடும் பட்டியல், எஸ்.பி.எஃப். மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து, டிகிம். இரண்டில் ஒன்றுகூட ‘ஃப்ரம்’ டொமைனோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க்: விட்டுவிடு, ஸ்பேமில் போடு, நிராகரி. தினமும் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியது.

ஆனால், டிமார்க்கை ‘விட்டுவிடு’ என்று வைத்தாலே அந்த விதிக்குப் போதும். பூட்டு மாட்டி, பூட்டாமல் விட்ட மாதிரிதான் இது. “உஷாராக இருங்கள்” என்று மக்களுக்கு அறிவுரை சொல்லும் நிறுவனங்களும் கல்லூரிகளும் அரசு அலுவலகங்களும் முதலில் தங்கள் டொமைனை ‘நிராகரி’ நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தங்கள் பெயரில் வரும் போலியைத் தடுப்பது அவர்களின் பொறுப்பு.

நாம் செய்யக்கூடியது? கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, ‘ஷோ ஒரிஜினல்’ போய், மூன்றுக்கும் ‘பாஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மட்டும் மாற்றிய போலி டொமைனும் ‘பாஸ்’ ஆகும் என்பதால், டொமைன் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பணம் கேட்டால், அந்த மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள நம்பருக்குப் பேசுங்கள்.