சம்பளமில்லாப் பயிற்சியும் எமது பிள்ளைகளின் உடல்நலமும்



கடந்த சில ஆண்டுகளாக எமது சிகிச்சை நிலையங்களுக்கு வரும் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் ஒரேவிதமான முறைப்பாடுகளையே சொல்கிறார்கள். தலையிடி, வயிற்றெரிவு, நித்திரையின்மை, விடாத களைப்பு. இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் ஒன்றும் அகப்படுவதில்லை. "பிளேஸ்மென்ட் நடக்குதோ பிள்ளை?" என்று கேட்டால் காரணம் வெளியே வந்துவிடும்.

பிளேஸ்மென்ட் என்பது பட்டம் பெறுவதற்குக் கட்டாயமான தொழிற் பயிற்சி. அவுஸ்திரேலியாவில் தாதியர் பட்டத்துக்குப் படிப்பவர் குறைந்தது 800 மணித்தியாலங்கள் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பயிற்சி பெறவேண்டும். முழுநேரமாகச் செய்தால் அது இருபது வாரங்கள். ஆசிரியர் இளநிலைப் பட்டத்துக்கு 80 நாட்கள் வகுப்பறையில் நிற்கவேண்டும். பாடநெறியின் கட்டாயப் பகுதியாக இருப்பதால் இப்பயிற்சிக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியதில்லை என்று 2009 ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் அனுமதிக்கிறது.

ஆனால் வீட்டு வாடகையும் பெற்றோல் செலவும் பயிற்சிக்காக நின்றுவிடுவதில்லை. எனவே பிள்ளை என்ன செய்கிறது? அதிகாலை 5 மணிக்கு எழும்புகிறது. 7 மணிக்கு வார்ட்டில் நிற்கிறது. பின்னேரம் பயிற்சி முடிய நேரே சுப்பர்மார்க்கெட்டுக்கோ பெற்றோல் நிலையத்துக்கோ வேலைக்குப் போகிறது. இரவு 10 மணிக்குக் காரை எடுக்கும்போது அந்தப் பிள்ளை 17 மணித்தியாலங்கள் விழித்திருக்கிறது. 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்திறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று அடிலெய்ட் ஆராய்ச்சியாளர்கள் 1997 இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இந்நாட்டில் வாகனம் ஓட்டுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையும் அதே 0.05 தான். ஒரு சொட்டு மதுவும் தொடாத எமது பிள்ளைகள் அந்த நிலையில் வீதியில் போகிறார்கள். மறுநாள் காலையில் நோயாளிக்கு மருந்து அளக்கவும் பழகுகிறார்கள்.

ஆகவே இதை வெறும் பண விடயமாக நாம் பார்க்கவில்லை. இது சுகாதார விடயம். சுவர் இருந்தால்தானே சித்திரம் வரையலாம்!

இந்த நிலையில்தான் மத்திய அரசின் பயிற்சிக்காலக் கொடுப்பனவு வந்தது. 2024 பெப்ரவரியில் வெளியான பல்கலைக்கழக உடன்பாட்டு அறிக்கை இத்தகைய உதவியைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு மே மாதம் அரசாங்கம் அதை அறிவித்தது. 2025 யூலை 1 ஆம் திகதி தொடங்கியபோது தொகை வாரத்துக்கு 331.65 டொலர். தாதியர், மகப்பேற்றுத் தாதியர், ஆசிரியர், சமூகப்பணி ஆகிய நான்கு துறை மாணவர்களுக்கு மட்டுமே இது உண்டு. சென்டர்லிங்க் உதவி பெறுபவராக இருக்கவேண்டும். அல்லது வாரத்தில் சராசரியாக 15 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்து, 1500 டொலருக்குக் குறைவாக உழைப்பவராக இருக்கவேண்டும். பல்கலைக்கழக மாணவர் தமது பல்கலைக்கழகத்தின் ஊடாகவே விண்ணப்பிக்கலாம்.

இத்திட்டத்தை நாம் முழுமனதோடு ஆதரிக்கிறோம். எமது சமூகமும் ஆதரிக்கவேண்டும் என்று கேட்கிறோம்.

"படிக்கிற காலத்தில கஷ்டப்படத்தானே வேணும், நாங்கள் படாத கஷ்டமோ?" என்று சில பெற்றோர் கேட்பது எமக்குக் கேட்கிறது. உண்மைதான். அகதிகளாக வந்து இறங்கிய வைத்தியர்களான நாமும் மறுபடி பரீட்சை எழுதுவதற்காக வைத்தியசாலைகளில் சம்பளமில்லாமல் பார்வையாளராக நின்றோம். இரவில் கிடைத்த வேலையைச் செய்தோம். அதனால் நாம் நல்ல வைத்தியர்கள் ஆகவில்லை. களைத்துப்போனோம், அவ்வளவுதான். எம்மோடு வந்த சிலர் அந்தக் களைப்பிலேயே மருத்துவத்தைக் கைவிட்டார்கள். ஊரில் நிலைமை வேறாக இருந்ததையும் மறக்கக்கூடாது. அங்கே இலவசக் கல்வியில் படித்தோம். அரச தாதியர் பயிற்சிக் கல்லூரி மாணவிகளுக்கு மாதப் படி கிடைத்தது. படித்து முடித்த வைத்தியரின் உள்ளகப் பயிற்சிக்குச் சம்பளம் இருந்தது. ஏழை நாடு செய்ததைப் பணக்கார நாடு செய்யக்கூடாதா?

இன்னொரு காரணமும் உண்டு. சம்பளமில்லாப் பயிற்சியால் இடையில் படிப்பை விடுபவர் யார்? பெற்றோரின் உதவி இல்லாதவர், குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கும் தாய், அண்மையில் வந்து சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. இவர்களுக்குள்தான் தமிழ் பேசும் தாதியரும் சமூகப்பணியாளரும் இருக்கிறார்கள். மறதிநோய் வந்த முதியவர்கள் பலர் பின்னாளில் கற்ற ஆங்கிலத்தை இழந்து தாய்மொழிக்குத் திரும்புவதை நாம் அடிக்கடி காண்கிறோம். முதியோர் இல்லத்தில் "நோகுது" என்று அம்மா சொல்லும்போது விளங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை இன்று வாடகைக் கவலை படிப்பிலிருந்து துரத்திவிடக்கூடாது.

திட்டத்தில் குறைகளும் உண்டு. வாரத்துக்கு 40 மணித்தியாலம் பயிற்சி செய்பவருக்கு 331.65 டொலர் என்பது மணிக்கு 8 டொலருக்குச் சற்று மேல். 2025 யூலையில் நடைமுறைக்கு வந்த ஆகக்குறைந்த சம்பளமோ மணிக்கு 24.95 டொலர். மருத்துவம், இயன்மருத்துவம், உளவியல், பேச்சுச் சிகிச்சை, மருந்தாளர் மாணவர்களுக்கு ஒன்றுமில்லை. வெளிநாட்டு மாணவர்களும், பிரிட்ஜிங் விசாவில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் எம்மவரின் பிள்ளைகளும் வெளியே நிற்கிறார்கள். இந்தத் துறைகளையும் இந்தப் பிள்ளைகளையும் சேர்க்கும்படி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

அரசாங்கம் செய்யும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. எமது சங்கம் கலைவிழாக்களில் சேரும் பணத்தில் ஒரு பகுதியைப் பயிற்சி உதவி நிதியாக ஒதுக்கலாம். ஒரு மாணவரின் பெற்றோல் செலவும் சீருடைச் செலவும் பெரிய தொகையல்ல. கிராமப்புற வைத்தியசாலைகளுக்கு அருகில் வசிக்கும் அங்கத்தவர்கள் ஒரு அறையைச் சில வாரங்களுக்குக் கொடுத்தாலே பெரிய உதவி. வியாபாரம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'அனுபவத்துக்காக' என்று சொல்லி மாணவரிடம் இலவசமாக வேலை வாங்காதீர்கள். பாடநெறியில் இல்லாத அத்தகைய வேலை சட்டவிரோதமாகவும் இருக்கலாம்.

சுகாதாரத் துறை மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சிக்கு முன் தடுப்பூசிச் சான்றுகள் கேட்பார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று ஊசிகளும் முடிய வழமையாக ஆறு மாதம் செல்லும். அதன்பின் இரத்தப் பரிசோதனையும் உண்டு. முதலாம் ஆண்டிலேயே உங்கள் குடும்ப வைத்தியரிடம் போய்த் தொடங்குங்கள். நித்திரையில்லாமல் காரோட்டவேண்டாம். காசு தட்டுப்பாடு என்றால் வெட்கப்படாமல் பல்கலைக்கழக நலன்புரிப் பிரிவிடம் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

பயிற்சி உதவி நிதி பற்றிய பிரேரணையை அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்வைக்கவிருக்கிறோம். பெற்றோர்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அவர்கள் பயிற்சியில் படும் பாட்டை அவர்கள் வாயாலேயே கேட்போம்.