வெள்ளை முகத்துக்கு மை, கறுத்த முகத்துக்கு மாவு

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். போன வருஷம் மே தின விழாவுக்கு லயன் ஜனங்களே நாடகம் போட்டார்கள். கதையும் அவர்கள் கதைதான். கொழுந்து எடுக்கும் ஒரு பெண், எடையில் கழிக்கும் ஒரு கணக்கப்பிள்ளை, கூலிக்காக மூளும் சண்டை. கதாநாயகி வேஷத்துக்கு அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, பதினாறு வருஷமாகக் கொழுந்து எடுக்கிற ஒரு பெண் தானாக முன்வந்தார். குரல் கணீரென்று இருக்கும். வசனம் ஒரே நாளில் பாடம். நாடகக் கமிட்டி கூடியது, முணுமுணுத்தது. கடைசியில் ஒருவர் வாய் திறந்தார்: "எல்லாம் சரி தங்கச்சி, மேடையில லைட்டு போட்டா நீ தெரிய மாட்டே. கொஞ்சம் கலரா இருந்தாத்தான் எடுப்பு."

கோயம்புத்தூரிலிருந்து சம்பளம் பேசி ஒரு நடிகையைக் கூட்டி வந்தார்கள். அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, என் வேஷத்தையே எனக்குக் குடுக்க மாட்டீங்களா?"

வந்த நடிகை மேல் நமக்குக் கோபமில்லை. அவரும் ராத்திரி முழுக்கக் கண்விழித்து வயிறு கழுவுகிற தொழிலாளிதான். ஆனால் இந்தக் கேள்வி இருக்கிறதே, அது அந்த ஒரு தோட்டத்தோடு நிற்கிற கேள்வி அல்ல. நம் மலையைப் படமெடுக்க வந்த துரைமாரிடமும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

1984-ல் 'எ பாஸேஜ் டு இந்தியா' என்ற ஆங்கிலப் படம் வெளிவந்தது. எடுத்தவர் டேவிட் லீன். அதிலே மலையேறுகிற ரயில் நம் நீலகிரி ரயில்தான். இ.எம்.ஃபார்ஸ்டர் 1924-ல் எழுதிய நாவல் அதன் மூலம். வெள்ளையர் நம்மவரை எப்படி நடத்தினார்கள் என்பதுதான் நாவலின் உயிர். டாக்டர் அஸீஸ் வேஷத்தில் வங்காளத்து விக்டர் பானர்ஜி நடித்தார். நல்லது. ஆனால் கோட்போலே என்ற இந்துப் பேராசிரியர் வேஷம் யாருக்குப் போயிற்று? சர் அலெக் கின்னஸ் என்ற ஆங்கிலேயருக்கு! முகத்தில் பழுப்புச் சாயம் பூசி, நெற்றியில் நாமமிட்டு, தலைப்பாகை கட்டி உட்கார வைத்தார்கள். கோடிக்கணக்கான இந்துக்கள் வாழும் நாட்டில் ஒரு கிழப் பேராசிரியர் வேஷத்துக்கு ஆள் அகப்படவில்லையாம்! (கதைப்படி மலைக்குப் போகும் அந்த ரயிலைக் கோட்போலே தவறவிட்டு விடுகிறார். நம் ரயிலுக்கு அந்த மட்டில் புண்ணியம்.)

அதே நாவலில் ஒரு காட்சி உண்டு. வெள்ளைக்காரர் கிளப்பில் துரைமாரும் துரைசானிமாரும் தாங்களே கூடி 'கஸின் கேட்' என்ற நாடகம் போடுகிறார்கள். இந்தியருக்கு அந்தக் கிளப்பில் விருந்தாளியாகக்கூட இடமில்லை. அது போதாதென்று, துரைசானிகள் நடிப்பதை வேலைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல்களையும் அடைத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்குப் புழுக்கம் தாங்கவில்லை! இதை எழுதிக் காட்டியவர் ஓர் ஆங்கிலேயர். அறுபது வருஷம் கழித்து அந்தக் கதையைப் படமாக்கியவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். கதவை முழுக்கத் திறந்தார்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் மிஸஸ் மூர் என்ற மூதாட்டியாக நடித்தவர் பெக்கி ஆஷ்கிராஃப்ட். அதற்காக ஆஸ்கார் பரிசும் வாங்கினார். 1930-ல் லண்டன் சவாய் தியேட்டரில் ஒதெல்லோ நாடகம் நடந்தபோது கதாநாயகி டெஸ்டிமோனா இதே அம்மாள்தான். ஒதெல்லோ யார்? பால் ராப்சன்! அடிமையாய்ப் பிறந்து தப்பி ஓடி விடுதலை தேடிக்கொண்ட ஒரு நீக்ரோவின் மகன். உலகத் தொழிலாளரின் பாடகன். கறுத்த மனிதன் வெள்ளைப் பெண்ணை மேடையில் முத்தமிடுவதா என்று கொதித்து, அந்த அம்மாளுக்கு வசைக் கடிதங்கள் எழுதினார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் சவாய் ஓட்டல் சாப்பாட்டு அறையில் ராப்சனுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். 1943-ல் அவர் நியூயார்க்கில் ஒதெல்லோவாக நின்றார். 296 தடவை நடந்தது அந்த நாடகம். பிற ஊர்களுக்குப் போனபோது, கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைக்கும் கொட்டகையில் நடிக்க மாட்டேன் என்று மறுத்தார். அந்த ராப்சன் வந்து போன பிறகும், 1964-ல் லண்டனில் லாரன்ஸ் ஒலிவியர் என்ற வெள்ளையர் உடம்பெல்லாம் கறுப்புப் பூசிக்கொண்டு ஒதெல்லோவாகவே நடித்தார், கைதட்டலும் வாங்கினார்.

"நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதானே? கொலைகாரன் வேஷத்துக்குக் கொலைகாரனையா தேடுவீர்கள்?" என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. இல்லை என்று நாம் சொல்லவில்லை. அப்படியானால் இரண்டு பக்கமும் மாறட்டும்! ஆங்கிலேயர் கோட்போலே ஆகலாம் என்றால், கோட்போலேயின் பேரன் ஆங்கில ராஜா ஆக அன்றைக்கு விட்டார்களா? ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவுக்குக் கலை என்று பெயர் வைத்தால் நாம் ஏமாற வேண்டுமா? வேஷம் என்பது வெறும் வேஷமல்ல, கூலி. வேஷம் கிடைக்காதவனுக்கு அன்றைக்கு அடுப்பு எரியாது.

இதை நடிகர் சங்கத்தாரும் உணர்ந்ததுண்டு. 1990-ல் 'மிஸ் சைகான்' என்ற நாடகத்தை லண்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். அதில் பாதி வியட்நாமியர் ஒருவரின் வேஷத்தில் ஜோனதன் பிரைஸ் என்ற வெள்ளையர். அமெரிக்க நடிகர் சங்கம் அனுமதி மறுத்தது. முதலாளி என்ன செய்தார்? நாடகமே கிடையாது என்று கொட்டகையைப் பூட்டப் பார்த்தார். மில்லில் கதவடைப்புப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்ற நடிகர்களின் பிழைப்புப் போகுமே என்ற பயத்தில் சங்கம் சில நாட்களில் பின்வாங்கியது. பிரைஸே நடித்தார். ஆனால் கிளம்பிய கூச்சல் வீண் போகவில்லை. அவர் விலகியதும் அந்த வேஷம் ஆசிய வம்சாவளி நடிகர் கைக்கு வந்தது.

சரி, வெள்ளைக்காரனை இவ்வளவு பேசியாயிற்று. நம் கோடம்பாக்கம்? நீலகிரிக்கு வந்து எத்தனை பாட்டு எடுத்தார்கள்! காட்டுவாசி நடனம் என்றால் பட்டணத்துக் கோஷ்டிக்குக் கரி பூசி, இலை தழையைக் கட்டி ஆடவிடுவார்கள். இந்த மலையிலேயே கோத்தர்கள் இருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாகக் கொம்பும் குழலும் வாசிப்பவர்கள். அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்குத் தோன்றிற்று? தேயிலைத் தோட்டக் கூலிகளின் கண்ணீரைச் சொன்ன 'பரதேசி' 2013-ல் வந்தது. இருளர் குடும்பத்துக்கு லாக்கப்பில் நேர்ந்த கொடுமையைச் சொன்ன 'ஜெய் பீம்' 2021-ல் வந்தது. இரண்டும் நம் பக்கம் நிற்கிற படங்கள், நாம் அழுது பார்த்த படங்கள். இரண்டிலும் நாயகிகள் திறமையாக நடித்தார்கள். இரண்டிலும் நாயகியின் சிவந்த மேனிக்குக் கறுப்பேற்றித்தான் நடிக்க வைத்தார்கள். கறுப்புப் பெண்ணின் கதை வேண்டும், கறுப்புப் பெண் வேண்டாம்! முதுமலைத் தெப்பக்காட்டு பொம்மனும் பெள்ளியும் தாங்களாகவே நின்ற 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' என்ற குறும்படம் 2023-ல் ஆஸ்கார் வாங்கியதே, அவர்களுக்கு எந்தச் சாயம் பூசினார்கள்?

கமிட்டித் தோழர் சொன்ன "கலர்" என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். நம் ஊரில் நிறம் பேசுகிறவன் வாயில் பாதி ஜாதி பேசுகிறது. சேரிப் பெண் என்று சொல்ல வெட்கப்படுகிறவன் கறுப்பு என்கிறான். துரை அடைத்த ஜன்னலுக்கும் இதற்கும் எத்தனை தூரம்?

1964 ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்த மலைக்கு வந்த குடும்பங்களைக் கேளுங்கள். அங்கே காமன் கூத்து நடத்தினார்களே, அதில் சிவனும் மன்மதனும் ரதியும் யார்? பகலெல்லாம் மலையில் முறிந்த தொழிலாளிதான்! சிவனாருக்கு நிறம் பத்தாது என்று எந்தக் கூத்து வாத்தியாரும் ஆளை வெளியே தேடவில்லை.

அந்த மே தின நாடகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சம்பளத்துக்கு வந்த அம்மாள் பாட்டெல்லாம் பிரமாதமாகப் பாடினார். ஆனால் கொழுந்து எடுக்கிற கட்டத்தில் மல்லிகைப் பூக் கொய்வதுபோல ஒற்றை இலையாகக் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். முன் வரிசைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழ வேண்டிய இடம் அது.

இந்த வருஷத்து நாடகத்துக்குக் கமிட்டி மறுபடி கூடியிருக்கிறது. வேஷக்காரர் பட்டியலை நாம் பார்த்தோம். கதாநாயகிக்கு நேரே அந்தப் பெண்ணின் பெயரை எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போகும் தோழர்கள் யாராவது ஒரு ரப்பர் துண்டு எடுத்துப் போங்கள்.