நாளும் நினைவும்: நவம்பர் 23



நாட்காட்டியில் நவம்பர் 23 என்னும் தாளைக் கிழிக்குமுன் சற்றே நிற்போம். 1937-ஆம் ஆண்டு இந்நாளில் தாவரங்களின் உணர்வை ஆராய்ந்த அறிவியல் மேதை ஜகதீச சந்திர போஸ் மறைந்தார். 1980-இல் இதே நாளில் தென் இத்தாலியை உலுக்கிய நிலநடுக்கத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் கீழப்பழுவூர்ப் பகுதியினராகிய நமக்கு இந்நாள் உணர்த்துவது வேறொன்று.

1956-ஆம் ஆண்டு. அரியலூர் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அடைமழையால் மருதையாறு கரைபுரண்டு ஓடிற்று. ஆண்டில் பல மாதங்கள் மணலாய்க் கிடக்கும் ஆறுதான். ஐப்பசி, கார்த்திகையில் அதன் முகமே வேறு. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி, அரியலூரைக் கடந்து, பொழுது புலரும் வேளையில் ஆற்றுப் பாலத்தை அடைந்தது. வெள்ளம் அதற்குள் பாலத்தின் பிடிப்பைக் குலைத்திருந்தது. இஞ்சினும் பெட்டிகள் பலவும் வெள்ளத்தில் வீழ்ந்தன. உறக்கத்திலேயே உயிர்நீத்தோர் எத்தனையோ! மாண்டோர் தொகை நூற்றுக்கும் மேல்.

அன்று ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அவ்வாண்டில் இதற்குச் சற்று முன்னர், மகபூப்நகர் அருகே நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ரயில் விபத்தின்போதே அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு இசையவில்லை. அரியலூர் விபத்துக்குப்பின் அவர் மீண்டும் விலகல் கடிதம் தந்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி எவ்வகையிலும் குற்றவாளி என்பதாலன்று, பொறுப்பு வகிப்போர்க்கு நல்ல முன்மாதிரியாய் அமையட்டும் என்பதாலேயே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கினார். எட்டு ஆண்டுகளுக்குப்பின், 1964-இல், அதே சாஸ்திரி நாட்டின் பிரதமரானார்.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு. பாலத்தைச் சாஸ்திரி கட்டவுமில்லை, வெள்ளத்தை வரவழைக்கவுமில்லை. எனினும் தம் கண்காணிப்பில் இருந்த துறையில் நேர்ந்த இழப்புக்கு அவர் தம்மையே முன்னிறுத்தினார். "எனக்குத் தெரியாது, அவரைக் கேளுங்கள்" என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சங்கத்திலும் எத்தனை முறை கைகழுவுகிறோம்!

ஆனால் பதவி விலகல் மாண்டோரை மீட்டுத் தருவதில்லை என்பதையும் மறக்கலாகாது. மழையிரவுகளில் விளக்கேந்தி இருப்புப்பாதை நெடுக நடந்து, பாலத்தையும் கரையையும் பார்வையிடும் எளிய தொழிலாளி காப்பது ஆயிரம் உயிர்களை. அவர் பெயரைச் செய்தித்தாள் அச்சிடுவதில்லை. விபத்துக்குப்பின் ஏற்கும் பொறுப்பு பெருந்தன்மை. விபத்துக்குமுன் ஏற்கும் பொறுப்போ உயிர்க்காப்பு.

மரித்தோரை நினைவுகூரும் இம்மாதத்தில், மருதையாற்றில் மாண்ட அந்தப் பயணிகளையும் நம் இல்லச் செபத்தில் சேர்த்துக்கொள்வோம். அந்நாளைக் கண்ட முதியோர் வீட்டில் இருப்பின், பிள்ளைகளை அருகே அமர்த்தி அவர்கள் சொல்லக் கேட்கச் செய்வோம். நம் வசம் ஒப்படைக்கப்பட்ட பாலம் எது, அதை இன்று பார்வையிட்டோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.