பரணில் கிடக்கும் பழங்கணக்கு

மார்ச்சுத் திங்கள் முடியும் தறுவாயில் நம் கடைவீதிகளில் ஒரு பரபரப்பு தோன்றுவதை எல்லாரும் அறிவோம். சரக்கு இருப்பு எடுக்கப்படுகிறது, பேரேடுகள் முடிக்கப்படுகின்றன, ஏப்பிரல் முதல் நாளன்று புதுக் கணக்கு தொடங்குகிறது. அப்பொழுது பழைய ஏடுகளுக்குக் கடையில் இடமில்லாமற் போகிறது. மளிகைக் கடையாயினும், மருந்துக் கடையாயினும், அச்சகமாயினும், ஆண்டுதோறும் சேரும் இரசீதுப் புத்தகங்களும் சிட்டைகளும் அடிக்கட்டைகளும் மூட்டையாகக் கட்டப்பட்டு வீட்டுப் பரணை அடைகின்றன. கடையின் தொல்லை இவ்வாறு குடும்பத்தின் தொல்லையாகிறது. இத்திங்கள் அந்தப் பரணைப் பற்றியே சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

இதில் நம் குடும்பங்களிடையே இரு வழக்கங்கள் உண்டு. சிலர் ஒரு துண்டுச் சீட்டையும் எறிய மனமின்றி முப்பது ஆண்டுக் காகிதத்தையும் கரையானுக்குக் காவல் வைக்கின்றனர். தேவையான தாள் தேவையான நாளில் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. வேறு சிலர், வீட்டுக்கு வெள்ளையடிக்கும் முன்னர், பழைய காகிதம் வாங்குபவரை அழைத்து அத்தனையையும் எடைக்குப் போட்டுவிடுகின்றனர். இந்த இரண்டாவது வழக்கமே பெரிதும் அஞ்சத்தக்கது.

ஏன் அஞ்சவேண்டும்? அந்த ஏடுகளில் எழுதப்பட்டிருப்பது நம் வரவு செலவு மட்டுந்தானா? கடன் பேரேட்டைச் சற்றே திறந்து பாருங்கள். எந்த வீட்டில் எந்த மாதம் அரிசி கடனாக வாங்கப்பட்டது, யார் தம் மகளின் திருமணத்திற்காக எவ்வளவு பாக்கி வைத்தார், அதை எத்தனை தவணைகளில் தீர்த்தார் என்பதெல்லாம் அங்கே பெயருடன் காணப்படும். மருந்துக் கடையின் சீட்டுகள் இன்னாருக்கு இன்ன நோய் என்பதைச் சொல்லாமற் சொல்லும். ஒரே பங்கில் வாழும் நமக்கு அப்பெயர்கள் வெறும் பெயர்களல்ல. அவர்களைத் தெருவில் அன்றாடம் சந்திக்கிறோம். நம்மை நம்பிச் சொன்னவற்றை நாம் எழுதி வைத்தோம். அவை நம்மிடமுள்ள அடைக்கலப் பொருள். அடைக்கலப் பொருளை நிறுத்து விற்க யாருக்கும் உரிமையில்லை.

இக்காலத்தில் இன்னொரு கேடும் சேர்ந்துள்ளது. வேலைக்கு வருவோரிடமும் தவணைக்குப் பொருள் வாங்குவோரிடமும் ஆதார் அட்டை, நிரந்தரக் கணக்கு எண் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம் ஆகியவற்றின் நகல்களை, கையெழுத்திட்டும் புகைப்படம் ஒட்டியும் வாங்கி வைக்கிறோம். பன்னிரண்டு இலக்க எண்ணும், முகவரியும், கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தால் மோசடிக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அறியாத மனிதர் பெயரில் கைப்பேசி இணைப்பு வாங்கவும், கடனுக்கு விண்ணப்பிக்கவும் அத்தாள் கருவியாகலாம். பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளியே. தாம் வாங்காத கடனுக்குத் தாமே பதில் சொல்லவேண்டிய நிலையில், அந்நகல் எவருடைய பரணிலிருந்து போயிற்று என்பதை அவர் அறியவும் மாட்டார்.

எனவே எதை, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். சரக்கு மற்றும் சேவை வரி செலுத்துவோர், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்கவேண்டும். எடுத்துக்காட்டாக, 2021-22ஆம் ஆண்டின் அறிக்கைக்குக் கடைசி நாள் 2022 திசம்பர் 31. ஆகவே அவ்வாண்டின் ஏடுகள் 2028 திசம்பர் 31 வரை இருக்கவேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டவற்றிற்கு, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் எட்டு நிதியாண்டுகளை விதிக்கிறது. மருத்துவர், வழக்கறிஞர் முதலியோர், வருமான வரிக்குரிய 1962ஆம் ஆண்டு விதிகளின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்தபின் ஆறாண்டுகள் வைத்திருக்க வேண்டியிருந்தது. வருமான வரிக்கெனப் புதிய சட்டமொன்று 2025இல் இயற்றப்பட்டு, 2026 ஏப்பிரல் 1 அதன் தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டது. ஆதலால் தத்தம் நிலைமைக்குத் தணிக்கையாளரை ஒருமுறை கலந்துகொள்வது நன்று. இவற்றையெல்லாம் மனத்தில் இருத்தத் தடுமாறுவோர், நிதியாண்டு முடிந்தபின் எட்டு முழு ஆண்டுகள் என்னும் ஒரே கணக்கைப் பின்பற்றினால், மேலே கூறிய காலங்கள் யாவும் அதனுள் அடங்கிவிடும்.

கடன் சீட்டுகளுக்கு வேறு கணக்கு உண்டு. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, புரோநோட்டின் பேரில் வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டுகளே உண்டு. அக்காலம் முடியுமுன் கடன்பட்டவர் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். கடன் தீர்ந்துவிட்டதாயின், அச்சீட்டை நம்மிடம் வைத்திருப்பதே முறையன்று. தீர்ந்ததாக எழுதி, உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தீர்ந்த கடனுக்குத் தீராத சீட்டு கிடந்ததால், தந்தையர் காலத்து நட்பு பிள்ளைகள் காலத்தில் பகையாக மாறுவதுண்டு.

ஒருபொழுதும் அழிக்கத் தகாதவையும் சில உள. நிலத்தின் மூலப்பத்திரம், கிரயப் பத்திரம், கூட்டாளி ஒப்பந்தம், பாகப்பிரிவினைப் பத்திரம், வரி மதிப்பீட்டு ஆணைகள் ஆகியவற்றை இரும்புப் பெட்டியில் தனியே வைப்பீர்களாக. தொழிலாளரின் ஊதியப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் இவ்வரிசையில் சேர்க்கும்படி வற்புறுத்துகிறோம். 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும்; பொதுவாக வயது 58 நிறையவேண்டும். இளமையில் நம் பட்டறையில் உழைத்த ஒருவர் முதுமையில் வந்து, தாம் பணிபுரிந்ததற்குச் சான்று கேட்கக்கூடும். சட்டம் குறிக்கும் காலம் கடந்துவிட்டது என்று அவரிடம் கூறிவிடலாம். ஆனால் நம் பரணில் காலடி இடம் பிடிக்கும் அந்த ஏடு, அவருக்கு அந்திமக்கால உணவாக இருக்கலாம் அன்றோ?

இனி, காலங்கடந்தவற்றை அழிக்கும் முறையைப் பார்ப்போம். இரண்டாகக் கிழித்துக் குப்பையில் இடுவது அழித்தல் ஆகாது. 1979 நவம்பரில் தெகரானிலுள்ள அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, உள்ளிருந்தோர் ஆவணங்களை இயந்திரத்தில் நீண்ட நாடாக்களாக வெட்டியிருந்தனர். ஈரானியர் அந்நாடாக்களைப் பொறுமையாக அடுக்கி இணைத்து, நூல்களாகவே வெளியிட்டுவிட்டனர். கிழக்கு செருமனியின் இரகசியப் போலீசார் 1989இல் தம் கோப்புகளை அவசரமாகக் கையால் கிழித்து மூட்டைகளில் அடைத்தனர். ஏறத்தாழ 16,000 மூட்டைகள் எஞ்சின. 1995 முதல் அத்துண்டுகளை ஒன்றுசேர்க்கும் பணி நடந்தது. அரசுகளின் காகிதங்களுக்கு நேர்ந்தது நம் காகிதங்களுக்கு நேராது என்று கூறலாம். ஆனால் நான்காகக் கிழித்த ஓர் அட்டை நகலை ஒட்டிப் படிக்க ஒரு சிறுவனே போதும்.

அலுவலகம் உடையோர் காகிதம் நறுக்கும் இயந்திரம் வாங்குவதாயின், நீள நாடாவாக வெட்டுவதைத் தவிர்த்து, குறுக்கும் நெடுக்குமாகப் பொடித்துண்டாக வெட்டுவதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். செருமானியத் தரநிலையில் ‘பி-4’ என்னும் நிலை, ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்கிறது. ஆட்களைப் பற்றிய தாள்களுக்கு அது போதுமானது. இயந்திரம் இல்லாத வீடுகளுக்கு நம் பாட்டிமார் காட்டிய வழி இருக்கிறது. பழந்தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, முறத்துக்குப் பூசியும் கூடை செய்தும் அவர்கள் பயன்படுத்தினார்கள் அல்லவா? தாள்களைச் சிறிதாகக் கிழித்து, ஒரு தொட்டியில் இரண்டொரு நாள் ஊறவைத்துக் கையால் பிசைந்தால் கூழாகிவிடும். அதில் ஒரு பெயரையும் எவராலும் படிக்க இயலாது. தெருவில் குவித்துக் கொளுத்துவது வேண்டா. புகை அயலாரின் மூச்சைக் கெடுக்கும். பாதி எரிந்த தாள்கள் காற்றில் பறந்து அடுத்த வீட்டு முற்றத்தில் விழும். சட்டமும் அதற்கு இடந்தருவதில்லை.

கணிப்பொறியும் கைப்பேசியும் இன்று பேரேடுகளாகிவிட்டன. கோப்பை நீக்கிவிட்டதாகத் திரை காட்டினாலும், செய்தி பெரும்பாலும் தட்டில் அப்படியே தங்கியிருக்கும். அறிந்தோர் அதை மீட்டெடுத்துவிடுவர். பழைய கணிப்பொறியை விற்குமுன், அதன் சேமிப்புத் தட்டை முற்றிலும் அழித்தெழுதச் செய்யுங்கள். அல்லது கழற்றித் துளையிட்டுவிடுங்கள். நகலெடுக்கும் இயந்திரங்கள் பலவற்றினுள்ளும் இத்தகைய தட்டு உண்டு என்பதைப் பலர் அறியார். எண்ணிம வடிவில் உள்ள பிறருடைய விவரங்களை, நோக்கம் நிறைவேறியபின் அழித்துவிட வேண்டும் என்னும் நெறியை 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்றுள்ளது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்பவை மட்டும் விலக்கு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறுவது கடமை. வழக்கோ, மேல்முறையீடோ, வரித் துறையின் விசாரணையோ நிலுவையில் இருக்கையில், அது தொடர்பான ஒரு தாளையும் தொடக்கூடாது. முற்கூறிய வரிச் சட்டப்படி, அத்தகைய ஏடுகளை வழக்கு முடிந்தபின் மேலும் ஓராண்டு காக்கவேண்டும். சான்றாகாமல் தடுக்கும் எண்ணத்துடன் ஆவணத்தை அழிப்பது, 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்கிதையின்படி தண்டனைக்குரிய குற்றம். பிறர் நன்மைக்காக அழிப்பதும், உண்மையை மறைக்க அழிப்பதும் ஒன்றாகா. இவ்வேறுபாடு வெளிப்படையாக விளங்க, ஒரு சிறு குறிப்பேட்டில் இன்ன ஆண்டின் இன்ன ஏடு, இன்ன நாளில், இன்னார் முன்னிலையில் அழிக்கப்பட்டது என்று எழுதி இருவர் கையெழுத்திட வேண்டும். அந்தக் குறிப்பேட்டை என்றும் வைத்திருங்கள்.

வேலையை எளிதாக்க ஒரு வழி சொல்லி முடிக்கிறோம். இவ்வாண்டு மூட்டை கட்டும்பொழுதே, அதன்மேல் நிதியாண்டையும், அழிக்கத்தகும் ஆண்டையும் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில்கள் விரைவில் மங்கிவிடுமாதலால், முக்கியமானவற்றிற்கு இப்பொழுதே நகல் எடுத்து வையுங்கள். மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் உடனிருந்து, எது எங்கே உள்ளது என்பதை அறிந்திருக்கட்டும். குடும்பத்தலைவர் திடீரென மறைந்துவிட்டால், கணவரைப் பறிகொடுத்த பெண் நூறு மூட்டைகளுக்கிடையே ஒரு பத்திரத்தைத் தேடி அலையும் காட்சியைவிடத் துயரமானது வேறில்லை. வரவேண்டிய பாக்கி எது, தீர்ந்த கடன் எது என்று அவருக்குச் சொல்ல எவரும் இருக்கமாட்டார். ஆண்டுக்கு ஒரு பிற்பகல் செலவிட்டால் இத்துயரை நம் இல்லத்திலிருந்து விலக்கலாம். புதுக் கணக்கைத் தொடங்குமுன் பழங்கணக்கை ஒழுங்குசெய்வீர்களாக.