ஆடுறதே எக்சர்சைஸ்தானே? பரதம் ஆடுபவர்களுக்கு ஏன் தனிப் பயிற்சி

'தினமும் ஒரு மணி நேரம் ஆடுறா, அப்புறம் எதுக்கு தனியா எக்சர்சைஸ்?' பரத வகுப்பு வாசலில் காத்திருக்கும் பெற்றோர் கேட்பது இது. பாதிதான் சரி.

அரைமண்டியில் முழங்கால் மடிந்தே இருக்கிறது. அப்படியே வெறுங்காலால் தரையைத் தட்ட வேண்டும், மூன்று காலத்திலும். கீழே பல இடங்களில் டைல்ஸ் அல்லது சிமென்ட். பாதம் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால், முறுக்கு முழங்காலில் போய் விழும். 'இன்னும் உட்காரு' என்று அதட்டினால் இது சரியாகாது. தொடையும் பிட்டத் தசையும் வலுவாக வேண்டும்.

அடுத்து மூச்சு. ஒரு வர்ணம் அரை மணி நேரத்தைத் தாண்டும். அலாரிப்பே வார்ம்-அப் என்பார்கள் சிலர். அதிலேயே முழுமண்டி வந்துவிடுகிறதே!

பாலே உலகம் இதில் முந்திக்கொண்டது. நியூயார்க்கில் ஜார்ஜ் பாலன்சின் தன் நடனக் கலைஞர்களை ஜோசப் பிலாட்டிஸிடம் பயிற்சிக்கு அனுப்பினார். இங்கோ அரங்கேற்றத்தின் பட்டு, மேக்கப், மண்டபம் எல்லாவற்றுக்கும் பட்ஜெட் உண்டு, முழங்காலுக்கு மட்டும் இல்லை. வாரம் இரண்டு நாள் ஸ்குவாட், பிளாங்க், குதிகால் உயர்த்தல். இதற்கு வகுப்பிலேயே இருபது நிமிஷம் ஒதுக்கினால் போதும்.